பூகம்ப நாட்டில் அண்ணன், மொபைல் கடையில் நான்

மொபைல் கடையில் கேடான போனோடு வருகிறவரைச் சமாளித்துவிடலாம். கேடே இல்லாத போனோடு வருகிறவரிடம்தான் நம் பொறுமை செத்துப்போகும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "போன் அடிக்கவே மாட்டேங்குது" என்று நீட்டுவார்கள். அடித்துப் பார்த்தால் அடிக்கும். உங்களை யாரும் கூப்பிடவில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நான் சொல்லிவிடுவேன். அதனால்தான் முதலாளி ஷிபு அண்ணன் என்னை முன் கவுண்டரிலிருந்து தூக்கி, போனுக்கு கிளாஸ் ஒட்டுகிற மூலையில் போட்டார்.

நான் பிளஸ் டூவோடு நிறுத்தியவள். குடும்பக் கஷ்டம் அது இது என்று கதை விட மாட்டேன். கணக்கும் பிசிக்சும் ஏறவில்லை, அவ்வளவுதான். கடை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலை சந்திப்பில். அப்பா எதிரே சந்தையில் சுமடு தூக்குகிறவர். அண்ணன் ஜெபின் பட்டாளத்தில் நர்சிங் வேலை. கடலுக்கு அப்புறம் ஒரு நாட்டில் பெரிய பூகம்பம் வந்தபோது, நம் ராணுவம் ஒரு நிவாரணப் படையையும் கூடார ஆசுபத்திரியையும் விமானத்தில் ஏற்றி அனுப்பியது. அதில் அண்ணனும் போனான். ஏறுவதற்கு முன் கூப்பிட்டு, "அங்க டவர் ஒக்கெ விழுந்து கிடக்காம். நான் கூப்பிடலேன்னு பேடிக்கப்பிடாது" என்றான். பயப்படாதே என்று சொன்னால் எங்கள் அம்மா என்ன செய்வாள்? அதையேதான் செய்தாள். அண்ணன் குரலைக் கேட்கிறவரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது கடையில் நடந்தவைதான் இவை.

வெளிநாட்டு வழி

போன் கேடு என்று அம்மா முதலில் வீட்டில் வைத்து என்னிடம்தான் காட்டினாள். ஒரு கேடும் இல்லை என்றேன். நம்பவில்லை. மறுநாள் ஞாயிறு சபைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு கடைக்கே வந்து, என்னை யாரென்றே தெரியாதவள் போல, ஷிபு அண்ணன் கையில் போனைக் கொடுத்தாள். அவரும் மரியாதைக்கு அதைத் திறந்து, பிரஷால் தூசி தட்டி, மறுபடி மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடை போனிலிருந்து அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். சபைப் பாட்டு கடை முழுக்க முழங்கியது. "கேட்டியா? நல்லாத்தானே அடிக்குது?" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ அடிச்சா வரும். அது உள்ளூர் போன். வெளிநாட்டுப் போன் வாற வழி வேற ஆக்கும்."

கம்பிளிக்கு எங்கே போக?

அந்த நாட்டில் அப்போது கடுங்குளிர். சபை வாலிபர்கள் கம்பிளி சேகரித்து அனுப்புவதாக ஏற்பாடு. எங்கள் கடையையும் ஒரு சேகரிப்பு இடமாக்கிவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊரில் கம்பிளிக்கு எங்கே போக? ஆட்கள் கைலி கொண்டுவந்தார்கள். கல்யாணப் பட்டு வந்தது. காட்டாக்கடை ஊரிலிருந்து ஒரு சேச்சி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, குளிருக்கு இதைத் தேய்த்தால் போதும் என்றார்.

கடைசியில் நிஜக் கம்பிளி வந்ததெல்லாம் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் வீட்டிலிருந்துதான். அதில் முதலாவது, நாங்கள் பட்டாளம் மாமா என்று கூப்பிடுகிற தங்கப்பன் மாமாவுடையது. பெட்டியடியில் எத்தனையோ வருஷம் கிடந்தது. பாச்சை உருண்டை நாற்றம் மூக்கில் ஏறி, நான் தும்மினேன். ஷிபு அண்ணன் தும்மினார். கிளாஸ் ஒட்ட வந்தவரும் தும்மினார். மாமா விறைப்பாக நின்றுகொண்டு சொன்னார்: "மலை மேல பனியில எனக்க உயிரைக் காத்த கம்பிளியாக்கும் இது. இனியும் தும்முனா தேசத் துரோகம்."

அப்பாவின் சும்மாடு

சேர்ந்த மூட்டைகளை சபை லாரிக்குக் கொண்டுபோக அப்பா வந்தார். தலைத்துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே சொருகித் தலையில் வைத்தால் சும்மாடு. அப்பா அதை ஒரு நொடியில் செய்வார். அண்ணனும் பள்ளிக்கூட லீவில் அவரோடு சந்தையில் சுமந்தவன்தான். ஆனால் அவன் சுற்றினால் நுனி சொருகாமல், பிடரியில் வால் மாதிரி தொங்கும். அது அவிழ்ந்தால் சுமை சரிந்து கழுத்து போய்விடும் என்று அப்பா கத்தாத நாளில்லை. அவன் கேட்ட நாளுமில்லை.

அண்ணன் போனதிலிருந்து அப்பா அவன் பெயரையே எடுக்கவில்லை. அம்மாவாவது எல்லோரிடமும் புலம்பினாள். அன்றைக்குப் பட்டாளம் மாமா, "பயல் கூப்பிட்டானா?" என்று கேட்டேவிட்டார். அப்பா மூட்டைக்கு முன் குனிந்து நின்றுகொண்டு சொன்னார்: "பேச்சு பொறவு. இதைத் தலையில ஏத்தி விடும்."

டிஸ்பிளே ஓடிப்போகாது

மறுபடியும் பூமி ஆடியது என்று ஒரு காலையில் டிவியில் சொன்னார்கள். கூடார ஆசுபத்திரிக்குப் பக்கத்திலிருந்த கட்டிடமே விழுந்துவிட்டதாம். நம் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் விளம்பரம் போட்டார்கள். நான் கடைக்குத்தான் வந்தேன். வீட்டிலிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, ஒற்றசேகரமங்கலம் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர், டிஸ்பிளே மாற்றத் தாமதமென்று கவுண்டரில் தட்டித் தட்டிக் கத்தினார். நானும் கத்தினேன். "எனக்க அண்ணன் பூகம்பத்துல நிக்கான். உமக்கு டிஸ்பிளேயா?" ஷிபு அண்ணன் பதறிப்போய் ஓடிவந்தார். ஆட்டோக்காரர் தட்டுவதை நிறுத்தினார். வெளியே போனார், பக்கத்துக் கடையிலிருந்து எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். "மோளே, நீ ஆத்யம் அண்ணனெ விளி. என்றெ டிஸ்பிளே எங்கயும் ஓடிப்போகாது."

இரண்டு அம்மா, ஒரு முதுகு

அண்ணனோடு போன அகில் கோட்டுகால் ஊர்ப் பையன். அவன் அம்மா பிந்து அக்காவும் எங்கள் அம்மாவும் போனிலேயே பேசிப் பேசி அழுதவர்கள். மறுபடி பூமி ஆடிய அன்றைக்குத் தாங்க முடியாமல் பிந்து அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டு பேரும் கடை பெஞ்சில். மத்தியானம் பட்டாளம் மாமா ஒரு வீடியோவோடு ஓடிவந்தார். காலை அதிர்வுக்குப் பிறகு எடுத்தது என்று செய்திக்காரர் அதிலேயே சொன்னார். வண்டி போக வழியில்லாத இடிபாட்டு மேட்டில் நம் ஆட்கள் மருந்துப் பெட்டி சுமந்து ஏறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே மாஸ்க், அதிலும் முதுகுதான் தெரிகிறது.

"இது என்றெ அகிலாணு. அவன்றெ தோள் எனிக்கறியாம்" என்றார் பிந்து அக்கா. "தோள் எல்லாருக்கும் உண்டு. நடப்பைப் பாரும், எனக்க பிள்ளையாக்கும்" என்றாள் அம்மா. ஒரே முதுகுக்கு இரண்டு பேர் சண்டை. "ஒருத்தனை ரெண்டு பேரும் பங்கு வைக்காதீங்க" என்று நான் கத்தினதில், என்னவோ ஏதோ என்று அப்பா சந்தையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். அவர் கை முழுக்க வெங்காயச் சாக்குத் தூசி. போனைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

வீடியோவில் மற்றவர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் மாட்டினான். ஒரு துண்டை எடுத்தான், முறுக்கினான், சுற்றித் தலையில் வைத்தான். பெட்டி தலைக்கு ஏறியது. பிடரியில் வால் தொங்கியது. அத்தனை நாள் வாய் திறக்காத அப்பா, சந்திப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தப் போனைப் பார்த்து அலறினார்: "எலே, வாலை உள்ள சொருகுலே!"

எங்கேஜ்டு

அம்மா சிரித்தாள், அழுதாள், பிறகு வாசலில் நின்று உறவுக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சந்தைக்கே திரும்பிப்போனார். பிந்து அக்கா மட்டும் பெஞ்சில் அப்படியே இருந்தார். அவருக்கு இன்னும் ஒரு வாலும் தெரியவில்லையே. நான் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.

அப்போதுதான் கடை போன் அடித்தது. அண்ணன்! எடுத்ததும் அவன் கேட்டது: "ஷைனி, அம்மைக்க போன் கேடா? எவ்வளவு நேரமா அடிக்கேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதலில் அகில் எப்படி என்று கேட்டேன். வேலை முடித்து வந்து, பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறானாம். அவனை உதைத்து எழுப்பி போனைக் கொடுக்கச் சொல்லி, பிந்து அக்காவின் காதில் வைத்தேன். அந்த அக்கா "மோனே" என்று போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். திரும்ப அண்ணன் வந்தான். வீடியோவைப் பார்த்து, வாலை உள்ளே சொருகச் சொல்லி அப்பா போட்ட சத்தத்தைச் சொன்னேன். அவன் கேட்டான்: "சொருகியிருந்தா அது நான்தான்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும் பிள்ளே?"

கேடான போனை ஷிபு அண்ணன் எப்படியும் சரி செய்துவிடுவார். கேடில்லாத போனைச் சரி செய்ய அந்தப் பக்கத்து ஆளால்தான் முடியும், அவன் கூப்பிடுகிற நேரத்தில் நம் ஆள் எங்கேஜ்டாக இல்லாமல் இருந்தால்.