ஆறு நொடி வெற்றுச் சாலை

கணினித் திரையில் அந்த மூன்று பொட்டுகளும் மிளகளவே இருந்தன. நீலம் பள்ளிப் பேருந்து, சிவப்பு லாரி, மஞ்சள் என் அண்ணியின் மகள். எங்கள் மலையின் நாடுகளில் ஒன்றான அரியூர் நாட்டில், எங்கள் ஊருக்குக் கீழேயுள்ள கொண்டை ஊசி வளைவில், சாலையைக் கடந்துதான் அவள் பேருந்தில் ஏறவேண்டும். கீழிருந்து ஏறிவரும் லாரியைப் பாறை மறைத்துவிடும். ஒரே மாதத்தில் இருமுறை அவள் ஓரத்தில் பாய்ந்து உயிர் தப்பியிருந்தாள். எதிரே வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி ஒன்றை அங்கே நடவேண்டும் என்பதே எங்கள் மனு. அசையும் படத்தை அண்ணி செய்தார். அதை விளக்கிப் பேசும் பொறுப்பு என்னுடையது.

பேச்சுப்போட்டிகளில் தோல்வியறியாதவன் நான். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் ஐந்து நிமிடமே கிடைக்கும் என்றறிந்ததும், உரையில் ஒரு சொல்லையும் வெட்ட மனமின்றிப் படத்தின் வேகத்தை மும்மடங்காக்கினேன்.

"ஏனுங் தம்பி, உங்க வாய் ஓடுற வேகத்துக்கு லாரி மலையேறுமுங்களா?" என்றார் அண்ணி. சிரித்தபடி ஒதுக்கிவிட்டேன்.

பொறியாளர் முன் படம் ஓடியது. என் குரல் உயர்ந்தது. மூன்று பொட்டுகளும் ஒருசேரப் பாய, அவர் கண் நீலத்தைப் பற்றிக்கொண்டது. அது நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"லாரி எங்கிருந்து வந்துச்சு?"

"காட்டினோமே ஐயா!" என்றேன், எதிரணியை மடக்கும் தொனியில்.

"நான் பாக்கலீங்களே. ரோடு அகலமாத்தான இருக்குது?" மனுவை மடித்துவிட்டு எழுந்தார்.

அண்ணி கணினியைத் தன் பக்கம் இழுத்தார். "ஒருக்கா உக்காருங்க சார். தம்பி, நீங்க வாயத் தொறக்காதீங்க."

படம் பழைய வேகத்தில் ஓடியது. நீலம் இறங்கிவந்து ஓரத்தில் நின்றது. சிவப்பு ஏறிவந்து பாறைக்குப் பின் மறைந்தது. பிறகு ஆறு நொடி, சாலை வெறுமையாகக் கிடந்தது. மறைந்த வண்டி எப்போது வெளிப்படும் என்று காத்துக் காத்துப் பழகியவை எங்கள் மலைக் கண்கள்; அந்தக் காத்திருப்பைத்தான் நான் வெட்டியெறிந்திருந்தேன். மௌனத்தைச் சொற்களால் நிரப்ப நா துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பொறியாளரின் பார்வை பாறை விளிம்பைவிட்டு அகலவில்லை.

மஞ்சள் பொட்டு சாலையில் இறங்கியது. சிவப்பு வெளிப்பட்டது.

மேசைக்கடியில் அவருடைய வலக்கால் தரையை ஓங்கி அழுத்தியது, பிரேக்கை மிதிப்பதுபோல.

மடித்த மனுவை அவர் மீண்டும் விரித்தார்.

"கண்ணாடிய எந்த எடத்துல நடோணும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த விடைதான். நான் அண்ணியைப் பார்த்தேன்.