மூன்று டம்ளரும் ஒரு பீடியும்

கப்பலில் வந்த காய்ச்சல் கொழும்பில் இறங்கி, மலை ஏறி, பொகவந்தலாவையில் வரிசை வீடுகளான எங்கள் தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் வந்து சேர்ந்த வருஷம். ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபது வயது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் போத்தல் கழுவும் வேலை. கழுவியது போத்தல்தான், நினைப்பு மட்டும் பாதி டாக்டர். மருந்து கொடுக்கும் ஐயா சொன்னதையெல்லாம் லயத்துக்கு லயம் என் சொந்தச் சரக்காக அவிழ்த்துக்கொண்டு திரிந்தேன். கூட்டத்தில் ஒட்டி நிற்காதே. பஸ்ஸில் ஜன்னலைத் திற. அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்காதே.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு டயகமவில் ஓர் இடம் வந்தது. முன்பு இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தன. இந்த ஆளை அவள் ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருந்தது. அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பாவும் தாய்மாமாவும் நானும் கிளம்பிய காலையில் வாசலில் வைத்து என் காதைப் பிடித்தாள்.

"டேய், போன எடத்துல டாக்டர் வேஷம் கட்டிக் காரியத்தக் கெடுத்த, மருந்துக் காம்பராவுக்கே வந்து மிதிப்பேன்."

"நீ சும்மா இரு. மூணு பேரும் நோயில்லாமத் திரும்பி வர்றது என் பொறுப்பு."

என் துணிப்பையில் மூன்று பித்தளை டம்ளர்கள் இருந்தது அவளுக்குத் தெரியாது.

அட்டனுக்கு ஒரு பஸ், தலவாக்கலைக்கு ஒன்று, டயகமவுக்கு ஒன்று. மூன்றிலும் ஜன்னலைத் திறந்தேன். மூன்றிலும் மலையே உள்ளே ஏறி வந்து மடியில் உட்கார்ந்தது. வளைவுக்கு வளைவு மூடுபனி, ஈரக் கொழுந்து வாசம், ஓர் அருவியின் பாதிச் சத்தம். மாமாவின் மூக்கில் யூக்கலிப்டஸ் தைலத்தில் நனைத்த கைக்குட்டை. கண்டக்டர் முகர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இது பஸ்ஸா ஆஸ்பத்திரியா?"

மாமா கைக்குட்டைக்குள்ளிருந்து அப்பாவிடம் முனகினார்: "காய்ச்சல் வர்றதுக்கு முன்ன இவன் குளிர்லயே கொன்னுருவான் மச்சான்."

மாப்பிள்ளை வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணில் படவில்லை. மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றார் அவருடைய அப்பா. அம்மா தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் வழக்கத்தில் அந்த வீட்டில் கை நனைத்தால் சம்மதம். பிடிக்காவிட்டால் ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்துவிட வேண்டும். மாமா டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தடுத்துப் பையிலிருந்து எங்கள் டம்ளர்களை எடுத்து வைத்தேன்.

"இதுல ஊத்துங்க. மேல படாம, தூக்கி."

தனி டம்ளர் என்றால் எங்கள் மலைகளில் அன்று ஒரே அர்த்தம்: நீ எனக்குக் கீழ். மருந்துக் காம்பராவில் அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். "எங்க வூட்டு டம்ளரு ஒங்க வாயில படக் கூடாதோ?"

"ஐயையோ, அது இல்லீங்க. காய்ச்சலு..."

"யாருக்குக் காய்ச்சலு? எங்களுக்கா?"

ஆமாம் என்றால் இன்னொரு அவமானம். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அக்காவின் மூன்றாவது இடமும் தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குத்தாங்க," என்று சொல்லி இருமினேன். காலையிலிருந்து மாலைவரை இருமல் கேட்டுப் பழகியவன். நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து, அற்புதமாக இருமினேன்.

சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து இன்னோர் இருமல் பதில் சொன்னது. அது நடிப்பில்லை.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"நாலு நாளாப் படுத்திருக்கான். சொன்னா வர மாட்டீங்கன்னு மறைச்சிட்டோம்."

முதலில் சிரித்தது மாமா. கைக்குட்டை பறந்து போய் விழுந்தது. அந்த அம்மா எங்கள் டம்ளர்களில் கொதிநீர் விட்டுக் கழுவி, தேத்தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார்.

"டம்ளரு ஒங்களது, தேத்தண்ணி எங்களது. இது கை நனைச்ச கணக்குத்தானே?"

"வேற என்னங்க!" என்றார் அப்பா, நாக்கைச் சுட்டுக்கொண்டு.

பெரியவர்கள் நாள் பார்க்க ஆரம்பித்ததும் நோயாளியைச் சோதிக்கத் திரைக்குப் பின்னால் போனேன். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவரிடம் நாக்கை நீட்டச் சொன்னேன். மரியாதையாக நீட்டினார். உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டார்:

"மச்சான், ஒங்க அக்கா பேசுவாங்களா? இல்ல, திருவிழாவுல மாதிரி பாக்குறது மட்டுந்தானா?"

அந்தக் கேள்வியில் எனக்குள் இருந்த டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் இருவரும் பின்வாசலுக்கு வந்தோம்; வெளியே பனி நின்றது. மாப்பிள்ளை ஒரு பீடி பற்றவைத்து, இழுத்து, என்னிடம் நீட்டினார். நான் இழுத்து அவரிடம் நீட்டினேன். அக்காவைப் பற்றிச் சொல்லச் சொல்லப் பீடி போய்ப் போய் வந்தது.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் நான் விழுந்தேன்.

மருந்து ஐயாவே லயத்துக்கு வந்தார். "டம்ளர் கொண்டு போனியா?"

"போனேங்க."

"அப்புறம் எப்படி?"

இருமினேன். இந்த முறை நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் போனதும் அக்கா கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து, தள்ளி நின்று, உயரத்திலிருந்து ஊற்றினாள். உண்மையைச் சொன்னேன். மிதிப்பாள் என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன்.

"ஒரே பீடியா?"

"ம்."

"மாத்தி மாத்தியா?"

"ம்."

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப ஒனக்கும் அவரப் புடிச்சுப் போச்சு," என்றாள்.