மெஷினைக் காட்டச் சொன்னாள் நஸ்ரின்

"சார் யாரு? பொண்ணுக்குத் தாத்தாவா?"

டை கட்டியிருந்த அட்மிஷன் ஆபீசர் கேட்டார். என் நரைத்த தலையைப் பார்த்து முடிவு செய்திருப்பார் போல.

"இல்லைங்க. நான் பேஷன்ட்" என்றேன்.

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று அவருக்கு யாரும் டிரெயினிங் கொடுத்திருக்க மாட்டார்கள்... பாவம்!

போன மாதம், ஹைவே ஓரத்தில் பளபளவென்று நிற்கும் ஒரு காலேஜில் நடந்தது இது. என் இடதுபக்கம் காதர் பாய். திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தோல் வியாபாரம் செய்பவர். வலதுபக்கம் அவர் மகள் நஸ்ரின். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அட்மிஷன் அவளுக்குத்தான். அதில் பேஷன்டுக்கு என்ன வேலை என்கிறீர்களா?

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். போன வருஷம் சில மாதங்கள் நான் காணாமல் போயிருந்தேன். தொண்டையில் கேன்சர். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன். சனி, ஞாயிறு தவிர தினமும் போய் வர வேண்டும். மகன் இருப்பது பெங்களூரில். எனக்கும் மனைவிக்கும் கார் ஓட்டத் தெரியாது.

"எனக்கும் மதுரையில சோலி இருக்கு சார். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் காதர் பாய்.

பாதி நாள் அவருக்கு மதுரையில் ஒரு சோலியும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் கடைசி நாள் வரை இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னையும் மனைவியையும் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே மட்டும் வர மாட்டார். "எனக்கு அந்த வாடை ஆகாது சார்" என்பார்.

தொண்டைக்கு ரேடியேஷன் என்றால் சும்மா படுக்க வைத்துக் கொடுத்துவிட முடியாது. வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் மாஸ்க். அதை முகத்தில் கவிழ்த்து, மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். தலையை அசைக்க முடியாது. வாயைத் திறக்க முடியாது. பேசியே பழக்கப்பட்டவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

முதல் நாள் பயத்தில் எனக்கு மூச்சே முட்டியது. அப்போது மெஷினை இயக்கும் தெரபிஸ்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், செத்த நேரம்தான். நாங்க வெளிய நின்னு கேமராவுல உங்களையே பாத்துக்கிட்டு இருப்போம். முடியலைன்னா கையை மட்டும் ஆட்டுங்க, மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்துருவோம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அந்த மேஜையில் படுத்திருந்தேன். டாக்டருக்கு நன்றி சொல்லாத நோயாளி இல்லை. ஆனால் தினமும் என்னைப் படுக்க வைத்து, குறி பார்த்து, எழுப்பிவிட்டவர் இவர். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

நஸ்ரினுக்கும் தெரியாது. ஒருநாள் என் மனைவிக்குக் காய்ச்சல் என்று, நஸ்ரின் எனக்குத் துணையாக வந்தாள். ட்ரீட்மென்ட் முடிந்து நான் வெளியே வந்தபோது, அந்தத் தெரபிஸ்டிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன சார் படிக்கணும்?"

அவர் சிரித்தார். "ரேடியோதெரபின்னு தனிப் படிப்பு இருக்கும்மா. ஆனா சேருறதுக்கு முன்னாடி அங்க மெஷின் இருக்கான்னு கண்ணால பாரு. தினமும் பேஷன்ட் வாராங்களான்னு பாரு. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குன்னு இருக்கிற அரசாங்க அமைப்பு அந்தப் படிப்பை ஒத்துக்கிட்டிருக்கான்னு விசாரி. பில்டிங்கை அப்புறமாப் பாத்துக்கலாம்."

அன்றே அந்தப் படிப்பைப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் பி.காம் என்றார்கள், பார்மஸி என்றார்கள். அவள் அசையவில்லை. காதர் பாய் என்னிடம் வந்தார்: "அந்த மெஷினுக்குள்ள போய்ட்டு வந்த ஆளு நமக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான் சார். காலேஜ் பாக்கக் கூட வாங்க."

அப்படித்தான் நான் அந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

பாதாம் பால் வந்தது. ஹாஸ்டல், பஸ், வைஃபை எல்லாம் அழகாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் காதர் பாய் முகத்தில் திருப்தி. கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டார். அப்போது நஸ்ரின் கேட்டாள்:

"மெஷின் எங்க சார் இருக்கு? பாக்கலாமா?"

"மெஷின் ஹாஸ்பிடல்ல இருக்கும்மா. நாங்க டை-அப் வச்சுப்போம்."

"எந்த ஹாஸ்பிடல் சார்?"

"பேசிக்கிட்டிருக்கோம். நீங்க மூணாவது வருஷம் வாரதுக்குள்ள ரெடியாயிரும்." ஆபீசர் நோட்டீஸை அவள் பக்கம் தள்ளினார். "அது இல்லைன்னா என்ன? எக்ஸ்ரே, ஸ்கேன் கோர்ஸ் இருக்கு. ரெண்டும் ரேடியேஷன்தான், ஒண்ணுதான்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ரேடியேஷனுக்குப் பிறகு என் குரல் கரகரவென்றுதான் வரும். அந்தக் குரலில் சொன்னேன்: "ரெண்டும் நல்ல வேலைதாங்க. ஆனா ஒண்ணு இல்லைங்க. ஸ்கேன் நோயைப் படம் பிடிக்கும். இது நோயோட சண்டை போடும். குறி கொஞ்சம் தப்பினா எனக்கு இந்தக் குரல்கூட மிஞ்சியிருக்காது. மெஷினையே பாக்காமப் படிச்சவர்கிட்ட நீங்க கழுத்தை நீட்டுவீங்களா?"

காதர் பாய் எழுந்துவிட்டார். காரில் வரும்போது மகளிடம், "நான் சரின்னு சொல்லிருப்பேன்த்தா" என்றார்.

அடுத்த வாரம் போனது ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த காலேஜ். வீட்டிலிருந்து தூரம்... ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். பழைய கட்டடம். பாதாம் பாலும் இல்லை, டையும் இல்லை. பேஷன்டுகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். வகுப்பெடுக்கும் மேடம் வந்ததும் வராததுமாக நஸ்ரினைப் பயமுறுத்தினார்.

"கஷ்டமான வேலைம்மா. தினமும் சிரிச்சுப் பேசுன பேஷன்ட் ஒருநாள் வர மாட்டாங்க. அதுக்கப்புறமும் அடுத்தவங்களைப் பேர் சொல்லி உள்ள கூப்பிடணும். முடியுமா? யோசிச்சுச் சொல்லு."

நஸ்ரின் தலையாட்டினாள். காதர் பாய் என் காதருகே குனிந்தார். "சார்... அந்த விஷயத்தை நீங்க கேளுங்களேன்." அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நஸ்ரினே கேட்டாள். "மேடம், இந்த வேலை பாத்தா நாளைக்குக் குழந்தை பிறக்காதுன்னு எங்க சொந்தத்துல சொல்றாங்க. நிஜமா?"

மேடம் சிரிக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த சின்ன பேட்ஜைக் காட்டினார். "நம்ம மேல எம்புட்டு படுதுன்னு இது கணக்கு வச்சுக்கும். அதை அனுப்பி சோதிக்கிறாங்க. மெஷின் ஓடும்போது பேஷன்டைத் தவிர யாரும் உள்ள இருக்க மாட்டோம். சுவரு அம்புட்டு கனம். கர்ப்பமானா உடனே சொல்லிரணும், அதுக்கேத்த மாதிரி வேலையை மாத்திக் கொடுப்பாங்க." பிறகு காதர் பாய் பக்கம் திரும்பினார். "எனக்கு ரெண்டு பசங்க பாய். ரெண்டுமே அடங்காது."

காதர் பாய் சத்தமாகச் சிரித்துவிட்டார். நெடுநாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

ட்ரீட்மென்டுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் மெஷின் ரூமைக் காட்டினார்கள். வாடை ஆகாத காதர் பாயும் வந்தார். சுவரோரம் அலமாரியில் வரிசையாக மாஸ்க்குகள். ஒவ்வொன்றும் ஒரு முகம். மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் அச்சாகத் தெரிந்தன. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இதையா சார் உங்களுக்கு மாட்டுனாங்க? தினமுமா?"

"ஆமா பாய்."

"நான் காருல ஏசி போட்டுத் தூங்கிட்டிருந்தேனே சார்..."

"நீங்க கூட்டிட்டு வரலைன்னா நான் இங்க எப்படி பாய் நிப்பேன்?"

அத்தனை நாளும் பேசாமல் வைத்திருந்ததை அன்றுதான் சொன்னேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நஸ்ரின் எங்களைக் கவனிக்கவில்லை. மெஷினையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட் கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். நேற்று போன் செய்தாள்.

"மாமா, மெஷின் பக்கமே விடலை. பேஷன்டை வீல்சேர்ல இருந்து எப்படி மெதுவா இறக்குறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பண்ற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. நானும் திண்டுக்கல்தான்னு சொன்னேன். உள்ள போற வரைக்கும் என் கையை விடவே இல்லை மாமா."

நன்றாகப் படி என்று வாழ்த்தத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்று வந்துவிட்டது.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே... எதுக்கு மாமா தேங்க்ஸ்?"

"இனிமே உன்கிட்ட வரப்போற அத்தனை பேஷன்ட் சார்பாவும் அட்வான்ஸ்!" என்றேன்.