பூஜ்யம் மில்லி செகண்ட்

நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்கள் வல்லம் வடகால் கம்பெனிக்குப் போய், தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குக் கீழே கையை நீட்டிப் பார்க்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

2013 ஜூன், ஞாயிற்றுக்கிழமை, மாலை 4:10. கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள் இசக்கிபாண்டி, குன்றத்தூர் மேன்ஷன் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். போனில் சூப்பர்வைசர் வெங்கடேசன்.

"பிரஸ்ல தகடு சிக்கிக்கினு கீது. நான் பூந்து எடுக்கறேன். நீ அங்கேருந்தே லாக் பண்ணு."

"சாவி போட்டுப் பூட்டிட்டு இறங்குங்க அண்ணாச்சி."

"சாவிக்கு நாலு கையெழுத்து வாங்கணும். அதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். பண்ணுடா."

பிரஸ்ஸை ஆட்டிவைத்தது ஒரு விர்ச்சுவல் மெஷின். பெரிய கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும், உடம்பில்லாத கம்ப்யூட்டர். வி.பி.என். என்ற தனி இணைய வழியாகக் கம்பெனிக்குள் நுழைந்தால் அதன் திரை இங்கே தெரியும். அன்று தெரியவில்லை. மேன்ஷன் மோடத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே வரிசை நெட்வொர்க் முகவரி. கம்பெனிக்குப் போகவேண்டியது மேன்ஷனுக்குள்ளேயே சுற்றியது. வழியை மாற்றி எழுதினான். 4:26. திரை வந்தது. லாக்கை அழுத்தினான்.

"லாக் ஆயிட்டு அண்ணாச்சி."

"பூந்துட்டேன்."

பிறகுதான் கவனித்தான்... வல்லம் வடகாலிலிருந்து பதில் வர நாற்பது மில்லி செகண்ட் ஆகும். இப்போது பூஜ்யம்.

அவ்வளவு பக்கம் என்றால், இந்த அறைக்குள். அறையில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. அப்படியானால் அங்கே எதுவும் பூட்டப்படவில்லை...

திரையின் மூலையில் ஆபரேட்டர் பெயர். சுப்பன்.

மார்ச்சில் அதே பிரஸ்ஸில் செத்தவன். சாவி போட நேரமில்லை என்று அவனை உள்ளே அனுப்பியவர் வெங்கடேசன்.

"அண்ணாச்சி, வெளிய வந்திருங்க."

"இர்றா, வந்துடுச்சு..."

திரையில் எழுத்து எழுத்தாக விழுந்தது.

உள்ளே போயிட்டாரா?

மோடத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். சில்லுச் சில்லாகத் தெறித்தது.

பதில் வருவது நிற்கவில்லை. பூஜ்யம்... பூஜ்யம்...

திரையில் அடுத்த வரி: சரி.

போனில்... டங்.

அப்புறம், ஈரமாக ஒரு சத்தம்.

4:31.

அந்தப் பிரஸ் தானாக இறங்காது. ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளியிருக்கும் இரண்டு பொத்தான்களை, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். அன்று ஷெட்டில் வெங்கடேசனைத் தவிர யாரும் இல்லை. அவர் இடுப்புவரை உள்ளே இருந்தார். பொத்தான்களில் இரண்டு உள்ளங்கைகளின் ரத்த அச்சு. இரண்டும் நன்றாகக் காய்ந்து கறுத்திருந்தன.

இசக்கிபாண்டி பழைய விபத்துக் காகிதத்தைப் பிறகுதான் பார்த்தான். சுப்பனை எரித்தபோது மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. கைகள் ஸ்கிராப் லாரியில் போயிருக்கும் என்று எழுதியிருந்தது.

கீழே நாலு கையெழுத்து. முதல் கையெழுத்து வெங்கடேசனுடையது.