அத்தை எடுத்துக்கொண்டு போன மொழி

என் மகன் எந்த மொழியில் பேசாமல் இருக்கிறான்? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் நடு அறையின் விட்டத்தில் அவன் படுத்த தூளி இன்னும் தொங்குகிறது. அத்தையின் பழைய நூல் சேலை, மாம்பழ நிறம். நான்கு வயதாகப்போகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி மழுப்புகிறேன்.

அத்தை என்றால் என் மாமியார். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பல தலைமுறைகளாகக் கோயமுத்தூர்தான் ஊர். கடைவீதியிலும் மில்லிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ். வாசற்படியில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும். அதை யாரும் யோசித்ததில்லை. நான் பி.ஏ. முடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். மகன் தவழத் தொடங்கிய சமயத்தில், பெண்கள் கல்லூரி ஒன்றில் ஸ்பெயினிலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர் மாலை வகுப்பாக மூன்று வருட ஸ்பானிஷ் டிப்ளமோ நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். இலக்கணம் ஒரு தாள், மொழியமைப்பு ஒரு தாள். தேறினால் அங்கேயே வேலை கிடைக்கலாம் என்றார்கள். குழந்தையை நினைத்துத் தயங்கினேன். நான் எதற்கு இருக்கிறேன், போய்ப் படி என்று தெலுங்கில் அதட்டி அனுப்பியவர் அத்தை.

எல்லாவற்றையும் வாயால் சொல்லியே படிக்க வேண்டும் என்பார் சிஸ்டர். நாம் ஒரு வாக்கியம் சொல்ல, எதிரில் இருப்பவர் ஒரு சொல்லை எறிவார். அதற்கேற்ப வாக்கியத்தை மாற்றி உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்கு எதிரில் உட்கார அத்தைதான் இருந்தார். நான் சொல்லிக்கொடுத்த சொற்களை, ஒரு கையால் தூளியை ஆட்டியபடியே என் மேல் எறிவார். நான் திணறினால் கிண்டலுக்கென்றே தமிழுக்கு மாறுவார்: "ஏனுங்க பண்டிதரம்மா, வண்டி நின்னுபோச்சுங்களா?" பிறகு தூளிக்குள் குனிந்து, உன் அம்மா மாட்டிக்கொண்டாள் பார் என்று தெலுங்கில் குழந்தையிடம் கோள் சொல்வார். அவன் கால்களை உதைத்துச் சிரிப்பான்.

சிரிப்பு வந்தது, பேச்சு வரவில்லை. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினோம். நேர்ந்துகொண்டு கோயிலில் மணி கட்டினோம். மூன்று வயது கடந்ததும் டாக்டரிடம் தூக்கிப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார் அவர். வீட்டில் எத்தனை பாஷை என்று கேட்டார். என் கணவர் விரலை மடக்கினார்: தெலுங்கு, தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ். அப்புறம் என்னைப் பார்த்துத் தயங்கி, "ஸ்பானிஷுங்க" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாவம், பையன் எந்த வாசல்ல நுழைவானுங்க? ஒண்ணை வெச்சுக்குங்க. மத்ததையெல்லாம் சாத்திப்போடுங்க."

பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் என்பதால் தமிழ் என்று முடிவாயிற்று. அன்று மாலையே என் ஸ்பானிஷ் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போடப் போனேன். அத்தை என் கையிலிருந்து கட்டைப் பிடுங்கிப் பிரித்து, அலமாரியில் திருப்பி அடுக்கினார். "அதைக் காலேஜ்ல பேசிக்க அம்மணி. ஊட்டுல என் பேச்சை நான் நிறுத்திக்கறேன்." கிண்டலுக்கு அல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்.

அத்தைக்குத் தமிழ் சரளமாக வரும். ஆனால் அது காய்காரம்மாவிடமும் விருந்தாளிகளிடமும் பேசும் மரியாதைத் தமிழ். கொஞ்சுவதற்கு அவரிடம் தமிழ் இல்லை. "கண்ணு, பால் குடிக்கிறீங்களா? வேண்டாங்களா? சரிங்க." யாரிடம் பேசுகிறார் என்று அவன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். முதல் நாள் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. வாய் தவறித் தெலுங்கு வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார். மெல்ல மெல்ல அவனிடம் பேசுவதையே குறைத்தார். ஒரு நாள் காலையில் துணிப்பையோடு வந்து நின்றார். "நான் இருந்தா வாய் சும்மா இருக்காது. பல்லடத்துல பெரியவன் ஊட்டுல இருந்துக்கறேன். பையன் பேசினதும் சொல்லி அனுப்பு, ஓடி வாரேன்." காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரிடம் சொல்லி அழுதேன். அவர் பிறந்த ஊரில் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஸ்பானிஷாம். தன் தாயார் ஒன்றில் ஜெபித்தார், மற்றதில் மீன் விற்றார், வீட்டில் யாரும் ஊமையாகவில்லை என்றார். கேட்கும்போது மனம் லேசானது. படியிறங்கும்போதே, அவர் டாக்டர் இல்லையே என்ற பயம் வந்துவிட்டது. பாடப்புத்தகம் எந்த வாக்கியத்தையும் கோடு போட்டுப் பிரிக்கக் கற்றுத்தந்திருக்கிறது. வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி அதில் ஒரு பக்கம்கூட இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் அவனைப் பல்லடத்துக்கு அழைத்துப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஓடிப்போய் அத்தையின் மடியில் ஏறினான். அவர் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். அவன் இரண்டு கைகளாலும் அந்தத் துணியை இழுத்தான். இழுத்துவிட்டு, வாய்க்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி எட்டிப் பார்த்தான். அத்தை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேசட்டுமா என்றுதான் அந்தப் பார்வை கேட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் முகம் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவன் காத்திருந்தான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பேசாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்குப் பரீட்சை அதற்கு முன்பே. தினமும் மாலையில் நான் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் காலித் தூளியை ஆட்டிவிட்டு, அத்தை உட்காரும் மூலையைப் பார்த்து நிற்கிறான்.

இதைப் படிக்கிறவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள். டாக்டர் சொல்லை மீறி அத்தையை அழைத்து வரட்டுமா? அழைத்து வந்து, வரவிருந்த ஒரு சொல்லும் வராமல் போனால் என்ன செய்வேன்? அழைக்காமலே இருந்து, அவன் காத்திருப்பதை நிறுத்திவிட்டால்? உங்கள் வீட்டில் தாமதமாகப் பேசிய குழந்தை உண்டா? அதன் காதில் யார், எந்த மொழியில் பேசினார்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை தூளியை அவிழ்க்க மாட்டேன்.