கறுத்த வானத்துக்குக் கீழே ஒரு தாய்

நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்துக்கு, ஐரோப்பாவின் பழைய ஓவியங்களை வைத்து ஒரு காலண்டர் ஆர்டர் வந்திருந்தது. ஒரு படத்தைக் கணினியில் திறந்ததும் என் கை நின்றுவிட்டது. புயலால் கறுத்த வானம். மடியில் இறந்த பிள்ளையோடு ஒரு தாய். அவள் அழவில்லை. யாரிடமோ எதையோ கேட்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா சித்தியின் முகம் அது.

அப்போது நான் சின்னப் பிள்ளை. விஸ்வநத்தம் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதும் தெருவின் தாய்மாரெல்லாம் வெளியே ஓடிவந்து, புகை எங்கே எழுகிறது என்று பார்த்தார்கள். என் அக்காவும் சித்தி மகள் செல்வியும் அங்கே ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தெரு முழுக்கக் கந்தக நெடி.

பொழுது சாய, புருவம் கருகிய அக்கா மட்டும் கொல்லை வழியாக வந்தாள். அம்மா அவளை அணைத்து, சத்தம் வராமல் அழுதாள். அப்போது சித்தி வந்து வாசல் கதவைத் தட்டினாள்.

"ஏக்கா, ஒம்மக வந்துட்டாளா? எம்மவளும் அவகூடத்தான வருவா?"

அந்த முகத்துக்கு முன்னால் தன் மகளைக் காட்ட அம்மாவுக்குத் துணிவில்லை. கதவைத் திறக்காமலே, "இன்னும் வரலத்தா" என்றாள்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் வாராளுக" என்று சித்தி எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புகை குடித்த அக்காவுக்கு இருமல் வந்தது. அம்மா முந்தானையால் அவள் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். சித்தி மெதுவாகத் திரும்பி, மூடிய கதவைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் எழுந்து போனாள். செல்வி வரவேயில்லை.

இப்போது காரியாபட்டியில் வாழும் அக்கா, சித்தி வீட்டு வாசலைக் கடந்து எங்களைப் பார்க்க இருட்டிய பிறகுதான் வருகிறாள்.