சின்ராசுவின் வலது முட்டி

சின்ராசு பயந்தாங்கொள்ளி இல்லை. அவனை அப்படிச் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

கொல்லிமலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் நான். மரவள்ளிக் கிழங்கு, மிளகு, வாழைத்தார் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவேன். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்; எங்கள் எடப்புளி நாட்டுப் பையன்களுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. நான் பந்தைக் காலால் தொட்டு ஆடியவன் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவன். கத்திக் கத்தியே 'கோச்சு' ஆகிவிட்டேன். வண்டி என்னுடையது, அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அது அறுத்து முடித்த சாமைக்காடு. ஒரு கோல் மேட்டில் இருக்கும், இன்னொன்று பள்ளத்தில். கீழே நிற்கிற கோல்கீப்பருக்கு மேலே நிற்பவனின் இடுப்புவரைக்கும்தான் தெரியும். அதற்கேற்ற ஆட்டம்தான் எங்களுடையது. முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடுவோம். எல்லோரும் பின்னால் வந்து கோலை அடைத்துக்கொண்டு நிற்போம். இரண்டாம் பாதியில் இறக்கம் எங்களுடையது. அப்போது சின்ராசுவிடம் பந்தைக் கொடுத்துவிட்டால் போதும். வலது ஓரமாக, தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்குவான். முதல் பாதி முழுக்க இறங்கி இறங்கித் திரும்ப மேடு ஏறிக் களைத்த எதிரணிக்காரர்கள் அவன் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

அதற்கு மேட்டாட்டம் என்று பெயர் வைத்தவனும் நான்தான். என்ன பெருமை எனக்கு அதில்...

மலையில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை. ஆகவே காளப்பநாயக்கன்பட்டிக்காரர்கள் நடத்திய போட்டியில் இறுதி ஆட்டம்வரை போய்விட்டோம். முந்தைய ஆட்டங்கள் எல்லாம் மேலேயே நடந்தவை. இறுதி ஆட்டம் மட்டும் கீழே, பலகை போலச் சமமான மைதானத்தில். பரிசு ஒரு கிடாய். அதைக் கட்டி இழுத்துவர வண்டியில் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தேன்.

தை மாதம் அது. மலை முழுக்க மிளகு பறிப்பு. சின்ராசுவுக்கு அதுதான் பிழைப்பு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில், ஒற்றை மூங்கிலை மட்டும் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறிப் பறிக்க வேண்டும். அவனைப் போல ஏறுகிறவன் அந்தப் பக்கத்தில் கிடையாது.

ஆட்டத்தன்று பையன்கள் எல்லோரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அவன் மட்டும் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மேலேறி வருகிற பஸ்ஸுக்கு வழிவிட ஒரு வளைவில் நிறுத்தினேன். அவன் பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினான். வலது முட்டியில் பச்சிலைக் கட்டு.

"முந்தாநாளு மூங்கி வழுக்கி உட்டுருச்சுங்கண்ணா. இன்னும் பதினஞ்சு நாளைக்குக் கட்டுப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரு வைத்தியரு."

"ஏண்டா, இத இப்பச் சொல்றயா?"

"நேத்துச் சொன்னா நீங்க வையுவீங்கன்னுதானுங்க சொல்லல. மொதப் பாதி எப்படியாச்சும் நின்னுக்கிறனுங்க. ரெண்டாம் பாதிக்கு மட்டும் வேற ஆள உடுங்கண்ணா. ஓட முடியாதுங்க."

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் பார்க்க வேண்டும். வண்டியைத் திருப்பியிருக்கலாம். பின்னால் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாற்று ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அந்தக் கட்டைப் பிரித்தேன். என் கையால். "இதப் பாத்தா பசங்க மனசு உட்டுருவானுக, கண்ணு. நீ ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்காத. இடைவேளையில நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

"சத்தியமா சொல்லிருவீங்கல்லண்ணா?"

"நான் சொல்லிக்கிறேன் சாமி. நீ எதுக்குக் கவலப்படுற?"

இலைச் சாறு ஊறிப் பச்சையாகியிருந்த துணியைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்தேன். வளைவில் உட்கார்ந்திருந்த குரங்கு அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அதற்குக்கூட அது வேண்டாத பொருளாக இருந்தது. பஸ் போய்விட்டது. கியரைப் போட்டேன்.

சமதரையிலும் நான் மேட்டாட்டத்தைத்தான் ஆடச் சொன்னேன். கோல்கீப்பர் வெள்ளையன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இங்க எறக்கம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டான். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. "மூடிட்டுப் போய் நில்லுடா" என்றேன். வேறு ஆட்டம் எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை.

முதல் பாதி முழுக்க எங்கள் கோலைச் சுற்றியே கிடந்தோம். மேடு ஏறிக் களைக்க வேண்டிய எதிரணிக்காரர்கள் களைக்கவே இல்லை. ஏறுவதற்குத்தான் அங்கே மேடு இல்லையே. ஓடி ஓடித் தடுத்து எங்கள் பையன்கள்தான் நாக்குத் தள்ளிப் போனார்கள். இருந்தாலும் கோல் விழவில்லை. வெள்ளையன் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். ஒரு விரல் பிசகிவிட்டது அவனுக்கு.

இடைவேளை. வாளித் தண்ணீரைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். சின்ராசு தண்ணீர் குடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் சொல்லவில்லை.

ஏன்? பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயமா? இல்லை. மறதியா? அதுவும் இல்லை. அவன் இல்லாவிட்டால் மேட்டாட்டம் வெறும் அடைப்பு வேலைதான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான். என் மூளை என்று ஊர் நம்பியது அவன் கால். அது எனக்கு முன்பே தெரியும்.

"இனி எறங்கு கண்ணு" என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் உள்ளே போனான்.

கடைசிக் கட்டத்தில் பந்து அவனுக்கு வந்தது. முன்னால் ஒரே ஒரு ஆள். சின்ராசு காலை நீட்டினான். எதிராளி பாய்ந்து வந்தான். சின்ராசு காலை இழுத்துக்கொண்டான். பந்து போயிற்று. எல்லோருடைய கண்ணும் பந்தோடு மறுபக்கம் போயிற்று. அங்கே கோல் விழுந்தது. நான் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. அவன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடியும்வரை நொண்டிக்கொண்டே நின்றான். பந்தை விட்டுவிட்டு இப்போது நொண்டி நடிக்கிறான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். திரும்பும்போது அவனைப் பின்னால் படுக்க வைத்தோம். கிடாய் நிற்க வேண்டிய இடத்தில். தலைக்குக் கீழே அந்தப் புதுக் கயிறு.

மறுநாள் காலையில் பழனியின் டீக்கடையில் ஊரே கூடிவிட்டது. தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் ஜெயித்துவிடலாம் என்பதுபோல ஆளாளுக்குப் பேசினார்கள். வெள்ளையன் வீங்கிய விரலைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க, வெண்டக்காயாட்டம் ஆயிருச்சு. எல்லாம் இவுராலதான். சமதரையில எவனாச்சும் மேட்டாட்டம் ஆடுவானாங்க? எல்லாருத்தையும் கோலுக்கு முன்னால நிறுத்தி ஆட்டுப்பட்டி போட்டுட்டாரு."

"கெடாய்தான் வல்லியே, பட்டியாச்சும் இருக்கட்டும்னு போட்டுருப்பாரு" என்றார் பழனி, டீயை ஆற்றிக்கொண்டே.

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. நான் கிளாஸைப் பெஞ்சில் குத்தி வைத்தேன்.

"ஆட்டத்துல ஒரு குத்தமும் இல்ல. கடைசி வரைக்கும் கோல் உழுந்துச்சா? ஒத்த பந்து. அதுல கால இழுத்துக்கிட்டான் பாரு சின்ராசு, அங்க போச்சு. பயந்தாங்கொள்ளிய வெச்சுக்கிட்டு நான் என்னத்த ஆட்டம் சொல்றது?"

வெள்ளையன் யோசித்தான். "அதென்னமோ நெசந்தானுங்க. கால இழுத்தான்" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சிரிப்பு என்னை விட்டு இன்னொருவன் மேல் இறங்கியது. இறக்கத்தில் பந்து போவதுபோலச் சுலபமாக...

அப்போதுதான் சின்ராசு வந்தான். காபிச் செடிக் கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு. நான் சொன்னதைக் கேட்டானா? கேட்டிருப்பான். என் குரல் அப்படிப்பட்டது.

பழனிதான் கேட்டார். "ஏன் சாமி, உனக்கு ஆட்டத்துக்கு முந்தியே கால்ல ஏதாச்சும் அடியா?"

சின்ராசு அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தான். மைதானத்தில் வாளிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை. வாயைத் திறக்காதே என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அவன் தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றான்.

நான் டீயைக் குடித்தேன். கிளாஸில் டீ இல்லை. இருந்தும் குடித்தேன்.

"இல்லீங்க" என்றான் அவன். "முந்தி ஒண்ணுமில்லீங்க. ஆளு மேல வரவும் பயந்துட்டனுங்க."

உங்களிடம் நான் மறைக்க நினைத்தது பொய்யைக்கூட இல்லை. இதைத்தான். அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதி வந்தது. நன்றாக மூச்சு விட்டேன். இன்னொரு டீ சொன்னேன்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சேலத்து டாக்டர் உள்ளே நார் அறுந்துவிட்டது என்றாராம். முதல் அடியோடு ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னாராம். இதெல்லாம் பழனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலத்துக்கு நான் போகவில்லை. வண்டி இருந்தது. போகவில்லை.

இப்போது மிளகுக் காலத்தில் அவன் மனைவி ராசாத்திதான் மூங்கிலில் ஏறுகிறாள். அவன் கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூங்கிலின் அடியைப் பிடித்துக்கொள்கிறான். அண்ணாந்தபடியே இருக்கிறான். அவள் கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் அவன் வாய் லேசாகத் திறந்து மூடுகிறது. அவர்கள் மூட்டையை ஏற்ற நான்தான் போகிறேன். "டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா, ஊட்டுல பாலு இருக்குது" என்பாள் ராசாத்தி. அவளுக்கும் அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அந்தக் குரல் அப்படி இருக்காது. அதுதான் என்னை அதிகமாகக் குத்துகிறது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் மைதானத்தில் இப்போது ஒரு சொல் ஓடுகிறது. எவனாவது மோதலுக்குப் போகாமல் ஒதுங்கினால் கூட்டம் கத்தும், "டேய், சின்ராசு ஆயிராத!" என்று. சின்னப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் கொண்டுவரவில்லை. விதை மட்டும் என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்திலேயே தோற்றோம். புளியஞ்சோலைப் பக்கத்து அணி, இறக்கத்தில் எங்களை விட நன்றாக இறங்கியது. மறுபடியும் பழனி கடை. மறுபடியும் அதே பஞ்சாயத்து. யாருக்குத் தொடை பிடித்துக்கொண்டது, யாரை முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும், மேட்டாட்டம் இனியும் வேலைக்காகுமா... சின்ராசு மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எல்லா ஆட்டத்துக்கும் வருகிறான். நான் உள்ளே நுழையவும், அணிக்குப் புதிதாக வந்த ஒருவன் கேட்டான்.

"எல்லாரும் என்னைய சின்ராசு ஆயிராதன்னு கத்துறாங்க. யாருங்க அந்தச் சின்ராசு?"

வெள்ளையன் தரையைப் பார்த்தான். பழனி அடுப்பைப் பார்த்தார். இதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை. சொல்ல வேண்டியது ஒரே வரி. கட்டைப் பிரித்தது நான். அவ்வளவுதான்.

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அது பழைய ஆளுப்பா" என்றான் சின்ராசு. "பந்தக் கண்டா பயப்படுவான். நீ நல்லாத்தான் ஆடுன. பேசாம டீயக் குடி."

சொல்லிவிட்டு, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி ஒதுக்கி வைத்தான். பெஞ்சில் எனக்கு இடம் விட்டான்.

"உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தேன்.

நான் சொல்லிக்கிறேன் என்றேனே, இதோ சொல்லிவிட்டேன். உங்களிடம். நீங்கள் அந்தக் கடைக்கு வரமாட்டீர்கள், சின்ராசுவைப் பார்க்க மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் சொல்கிறேன். நாளைக்கு அவன் மிளகு மூட்டையை ஏற்ற வேண்டும். ராசாத்தி மேலே இருப்பாள். அவன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருப்பான். நான் ஹாரன் அடிப்பேன். மூங்கிலை விட முடியாது என்பதால் அவன் தலையை மட்டும் ஆட்டுவான்.